தலை வெட்டாத சுருட்டு

சுங்குவார்சத்திரம் கம்பெனியில் என் கணவரோடு வேலை பார்த்த வெளிநாட்டு எஞ்சினியர், ஊர் திரும்பும்போது அவருக்கு ஐந்து சுருட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"வூட்ல பத்த வெச்சா அப்படியே தூக்கித் தெருவுல கடாசிடுவேன்" என்றேன். தீப்பெட்டியையும் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே சுருட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சிலிகா ஜெல் பொட்டலங்களையும் திணித்தார். எங்கள் தெருவில் வீட்டுப் பத்திரம், பட்டுப்புடவை எல்லாவற்றுக்கும் அந்தப் பொட்டலம்தான் காவல்.

ஒன்றைக்கூடப் பிடிக்காமலே நெஞ்சுவலியில் போய்விட்டார்.

முதல் வருஷப் படையலில் ஒரு சுருட்டை இலையில் வைத்தேன். கம்பெனியில் அவரோடு ஒரே லைனில் வேலை பார்த்தவர் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, தல மூடிக்கினு கீது. வெட்டாம வெச்சா அண்ணன் எப்டி இழுப்பாரு?" என்றார். பிளேடை வைத்ததுமே அது சருகாக நொறுங்கியது. "ஜெல்லு ஈரத்த உறிஞ்சிடுச்சு அண்ணி. இதுக்குக் கொஞ்சம் ஈரம் இருந்துகினே இருக்கணும்."

பொட்டலங்களை வீசி எறிந்தேன். நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை டப்பாவில் வைத்து, ஒரு வருஷம் வாரம் தவறாமல் நனைத்தேன்.

இந்த வருஷம் புது பிளேடால் நுனித் தோலை மட்டும் சீவினேன். நொறுங்கவில்லை. அவர் வந்து சாப்பிடட்டும் என்று, வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். அப்போதுதான் தீப்பெட்டி வைக்காதது எனக்கு உறைத்தது. திறக்கலாமென்று கதவில் கை வைத்தேன்.

உள்ளே அரிசி டப்பா நகரும் சத்தம் கேட்டது.