கல்வாழைக்குக் கொட்டுன உப்பு

நான் மூணாங்கிளாஸ் தாண்டாதவன். என்னைப் பாத்தா கணக்கு வாத்தியாருக்கு வயித்தக் கலக்கும், அவரப் பாத்தா எனக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும்னு நான் நின்னுட்டேன். அப்படியாப்பட்ட நான் ஒரு தபா ஒரு சாமிய உண்டாக்கினேன். அந்த சாமியால எங்கக்கா வீட்டுல ஒரு மாடு போச்சி. இத நெனச்சா இப்பவும் பல்ல நறநறன்னு கடிக்கத் தோணுது. யாரு மேல கோவம்னு கேட்டா மொத ஆளு நான்தான். அப்பால ஒரு லிஸ்டே இருக்குது.

எங்கக்கா அடி அண்ணாமலையில இருக்கா. வீட்டுக்காரர் இல்ல, புள்ள இல்ல. ரெண்டு பசு மாடு, ஒரு கெணறு. பால ஊத்தி அதுல வர்றத துன்னுகினு, யாருகிட்டயும் கை நீட்டாம இருந்தா. நான் டவுன்ல ஆட்டோ ஓட்றேன். நான் அவளுக்கு ஒதவின்னு பேரு. நெஜத்துல மத்தியான சோறு அவ வீட்டுலதான்.

அவ நெலத்துக்கு மேல, கிரிவலப் பாதையோரமா ஒருத்தரு லாட்ஜ் கட்டினாரு. பேரு சொல்ல மாட்டேன். சொன்னா கேஸ் போடுவாரு. கோர்ட்டுல என் பேர எழுத எனக்கு அரை நாளாவும், ஜட்ஜய்யா பாவம். முன்னால பாத்தா கண்ணாடி, கிரானைட்டு, ரெண்டு கல் யானை. பின்னால போய் பாத்தா ஒரே ஒரு பைப்பு. குளிச்ச தண்ணி, தொவச்ச தண்ணி, கக்கூஸ் தொட்டி ரொம்பி வழியிற தண்ணி, எல்லாம் அந்த பைப்புல வந்து ஓடையில விழுது. ஓடை எங்கக்கா கெணத்த ஒரசிக்கினு போவுது.

கொஞ்ச மாசத்துல கெணத்து தண்ணி கலங்கிப் போச்சி. அழுகின முட்டை நாத்தம். மாட்டுக்கு தொட்டியில ஊத்தினா மோந்து பாக்கும், மூஞ்சத் தூக்கிக்கும், அக்காவப் பாக்கும். வாயில்லாத ஜீவன் வேற எப்படிக் கேக்கும்?

நானும் அக்காவும் லாட்ஜுக்குப் போனோம். மொதலாளி நெத்தி நெறய விபூதி பூசிக்கினு ஏசியில ஒக்காந்துனு இருந்தாரு.

"யம்மா, இங்க வர்றவங்கள்லாம் புண்ணியம் தேடி வர்றவங்க. அவங்க குளிச்ச தண்ணி ஒனக்கு தீர்த்தம் மாதிரி"ன்னாரு.

"அப்டீன்னா ஒரு சொம்பு மோந்தாரட்டுங்களா சார், நீங்க மொதல்ல குடிங்க"ன்னேன்.

வாட்ச்மேன் என் சட்டக் காலரப் புடிச்சி வெளிய வுட்டான். என் கல்யாணத்துக்கு எடுத்த சட்ட அது. கிழிஞ்சே போச்சி.

பஞ்சாயத்து ஆபீஸ்ல மனு குடுத்தோம். வாங்கி வச்சாங்க. மறுபடி போனா, "மனு குடுங்க"ன்னாங்க. "அதான் குடுத்தோமேங்க"ன்னா, "அது வேற சீட்டு"ன்னாங்க. மொத்தம் மூணு தபா குடுத்தோம். வடை மடிக்கவாவது யாராவது எடுத்துகினு போயிருப்பாங்க.

அக்கா சொல்லிட்டா: "கார்த்திக தீபத்துக்குள்ள தண்ணி தெளியலன்னா மாட்ட குடுத்துட்றேன்டா. தாகத்துல வச்சி சாவடிக்க என்னால ஆவாது."

எங்கிட்ட டெய்லி சவாரிக்கு ஒரு டீச்சரம்மா வரும். காலேஜுல செடி கொடிய பத்தி பாடம் எடுக்குது. என்ன விட பதினஞ்சி வயசு கம்மி. அதுகிட்ட ஒருநாள் பொலம்பினேன். அது, "அண்ணா, அந்தத் தண்ணிய செடிய வச்சே சுத்தம் பண்ணலாம்"னுச்சி. நான் சிரிச்சிட்டேன். "ஏம்மா, செடிக்கு தண்ணி ஊத்துவாங்க, செடி தண்ணிய கழுவுமா?"

அடுத்த ஞாயித்துக்கெழம அதே வந்து நின்னுடுச்சி, பேண்ட்ட மடிச்சி வுட்டுகினு. ஓடைத் தண்ணி அக்கா கெணத்துக்கு வர்றதுக்கு முன்னால, பாதையோரமா நீட்டா ஒரு பள்ளம் வெட்டச் சொல்லுச்சி. அடியில தார்ப்பாய். அதுமேல ஜல்லி, அதுமேல ஆத்து மணலு. நடுவுல கல்வாழை, சம்பு கோரை. கல்வாழைன்னா பெரிய எல, செவப்பா மஞ்சளா பூ பூக்கும், சாக்கடையோரம் தானா மொளச்சி நிக்குமே, அதான். அழுக்குத் தண்ணி ஒரு பக்கம் பூந்து, ஜல்லிக்குள்ள வேருங்க ஊடால மெதுவா நடந்து, மறுபக்கம் வெளிய வரணும். வேருல கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க இருந்துகினு அழுக்கத் துன்னுமாம், மிச்சத்த செடி துன்னுமாம். "ஒண்ணே ஒண்ணுண்ணா, வெட்டுற தழைய மாட்டுக்குப் போட்றாதீங்க, அழுக்கு அதுல ஏறியிருக்கும்"ன்னுச்சி. நான் தலையாட்டினேன். தலையாட்றதுல நான் பட்டம் வாங்கினவன்.

பத்து நாள் வெட்டினோம். முதுகு நிமிர மாட்டேன்னுச்சி. ஆட்டோவுல ஜல்லி ஏத்தி ஏத்தி பின்சீட்டு குழி வுழுந்துடுச்சி, இப்பவும் சவாரி ஏறினா "இன்னாங்க, கட்டிலா தொட்டிலா"ன்னு கேக்கறாங்க.

ஆனா நெஜமாவே வேல செஞ்சிது. ரெண்டு மாசத்துல கல்வாழை என் இடுப்புக்கு வந்துடுச்சி. இந்தப் பக்கம் கருப்பா போற தண்ணி அந்தப் பக்கம் டீத்தண்ணி கலருல வருது. கெணத்துல நாத்தம் கொறஞ்சிது. ஒருநாள் காலையில சின்ன மாடு தொட்டியில வாய வச்சி அரைத்தொட்டி குடிச்சிது. அக்கா முந்தானையால மாட்டு மூஞ்சத் தொடச்சா. எனக்கு ஒரு முட்டை ஜாஸ்தி வச்சா.

இங்கதான் நான் என் புத்தியக் காட்டினேன்.

பௌர்ணமின்னா பாதையில ஜனம் எப்படி வரும்னு ஒங்களுக்கே தெரியும். பச்சையா எதப் பாத்தாலும் நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணுக்கு வந்துடும். ஒரே பௌர்ணமியில கல்வாழைப் பாத்திய நாஸ்தி பண்ணிட்டானுங்க. சாப்ட தட்டு, தண்ணி பாட்டிலு, எல்லாம் அதுமேல. கத்திப் பாத்தேன், எவன் கேக்கறான்? அப்பால மூளையில பல்பு எரிஞ்சிது. டவுன்ல செவுத்துல சாமி படம் ஒட்டினா எவனும் போவ மாட்டான் இல்ல? மிச்சமா கெடந்த கல்லுல நீட்டா ஒண்ண எடுத்து நட்டேன். மஞ்சள் பூசினேன், குங்குமம் வச்சேன், அக்காவோட பழைய மஞ்சப் புடவையில ஒரு துண்டு கிழிச்சி சுத்தினேன். ஒரு எலுமிச்சம்பழம் சொருவினேன். எனக்கே கையெடுத்து கும்புடலாமான்னு இருந்துச்சி.

அடுத்த பௌர்ணமிக்கு ஒருத்தன் போவல. செருப்ப கழட்டிட்டு சுத்திப் போனானுங்க. நான் மீசைய முறுக்கிக்கினு டீக்கடையில எல்லாருகிட்டயும் சொல்லிச் சிரிச்சேன்.

அதுக்கு அடுத்த பௌர்ணமிக்கு ஊர்ல ஒரு சேதி பரவிப் போச்சி. கல்வாழைக்குள்ள தானா மொளச்ச அம்மனாம். உப்பும் மொளகும் கொட்டினா மரு உதிருமாம், சொறி சிரங்கு போவுமாம். யாரு கெளப்பினான்னு தெரியாது. சவாரி முடிச்சிட்டு சாயந்திரம் நான் போறப்ப, பாதையோரம் ஒரு பொம்பள உப்புப் பொட்டலம் கூறு போட்டு விக்கிது. வரிசையில நின்னு கொட்றாங்க. கைப்புடியா இல்ல, பாக்கெட் பாக்கெட்டா. மேல பாலு, நல்லெண்ண வெளக்கு, கற்பூரம்.

"அய்யோ, கொட்டாதீங்க! இது சாக்கடை கழுவுற செடி!"ன்னு கத்தினேன்.

ஒரு பெரியவரு என்ன மேலயும் கீழயும் பாத்தாரு. "இன்னாப்பா, ஊத்திக்கினு வந்துருக்கியா?"

"ஊத்தலங்க. இந்த கல்ல நட்டதே நான்தான்!"

"அம்மன் ஒன் கையால நட வச்சிருக்கா. நீ குடுத்து வச்சவன்"னு சொல்லி என் காலத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினாரு. என் காலு கழுவி நாலு நாளாச்சி.

ஒரே வாரத்துல எலயெல்லாம் ஓரம் கருகி, சுருண்டு, அப்டியே சாஞ்சிடுச்சி. டீச்சரம்மா வந்து மணல ஒரு விரல்ல தொட்டு நாக்குல வச்சி, துப்பிட்டு, "செடியும் போச்சி, வேருல இருந்த பூச்சியும் போச்சிண்ணா"ன்னுச்சி. என்ன திட்டல. திட்டியிருந்தா தேவல. உப்பு கெணத்துக்குள்ளயும் எறங்கிடுச்சி. இப்ப நாத்தத்தோட கரிப்பும்.

கல்லப் புடுங்கப் போனேன். எவன் தடுத்தாலும் மண்டைய ஒடைக்கறதுன்னுதான் போனேன். தடுத்தது யாரு? எங்கக்கா.

"டேய், கைய வக்காத."

"யக்கா, இது ஜல்லிக் குவியல்ல கெடந்த கல்லுக்கா. ஒன் புடவதான் சுத்தியிருக்குது, பாரு!"

"தெரியும்டா. ஆனா இத்தினி பேரு கும்புட்டுட்டாங்க. இப்ப எடுத்தா எதுனா ஆயிடும்."

"ஆயிடுமா? ஆனதெல்லாம் பத்தலயா ஒனக்கு? செடி செத்துச்சி, கெணறு செத்துச்சி, அடுத்து மாடு சாவணுமா?"

"நாக்கு அழுவிடும்டா!"

"அழுவட்டும்! பேசறதத் தவிர அது வேற இன்னா வேல செஞ்சிது?"

அன்னிக்கி அவ வீட்டுல நான் சாப்புடல. எனக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு என் வயித்தக் கேளுங்க.

நாலாம் நாளு, தீபத்துக்குக் கூட காத்திருக்காம, அக்கா பெரிய மாட்ட கீழ்பென்னாத்தூருல இருக்கிற அவ நாத்தனாருக்கு குடுத்துட்டா. ஊர்க் கொழாயிலேர்ந்து ரெண்டுக்கும் தண்ணி சுமக்க அவளால ஆவல. வேன்ல ஏத்தறப்ப அது ஏற மாட்டேன்னுச்சி. அக்கா காதுல இன்னாவோ சொன்னா, ஏறிடுச்சி. வேன் திரும்பினப்புறம் அவ நேரா ஓடைக்குப் போனா. நான் பின்னாடியே ஓடறேன். கல்ல ரெண்டு கையால ஆட்டிப் புடுங்கி இடுப்புல வச்சிக்கினா, தண்ணிக் கொடம் மாதிரி. விடுவிடுன்னு நடந்து, லாட்ஜுக்குப் பின்னால அந்த பைப்பு வாய்க்கு நேரா கீழ நட்டா. மஞ்சத் துணிய சரி பண்ணினா.

"அம்மா இங்க வரணும்னு கேட்டா, கொண்டாந்தேன்"னா. என்னத்தான் பாத்து சொன்னா. மூஞ்சில சிரிப்பே இல்ல. ஒருவேள அம்மன் நெஜமாத்தான் கேட்டாளோ இன்னாவோ, இன்னி வரைக்கும் நான் அக்காவ கேக்கல.

மறுநாளு பைப்பு தண்ணி அம்மன் தலையில விழுது. பாதையில போற ஜனம் பாத்துட்டாங்க. மொதலாளி ஓடியாந்தாரு.

"யோவ், யாருய்யா இத இங்க வச்சது? எடுய்யா!"

"நீங்க எடுங்க சார்"ன்னேன். "கை கூசுதா? நாங்க வேணா சூடம் ஏத்தித் தர்றோம்."

சுத்தி அம்பது பேரு நிக்கறான். அவரு கல்லப் பாத்தாரு, ஜனத்தப் பாத்தாரு, நெத்தி விபூதியெல்லாம் வேர்வையில எறங்குது. அன்னிக்கு மத்தியானமே பைப்பு வாய அடச்சிட்டாரு. இப்ப வாரா வாரம் லாரி வந்து தொட்டிய இறைச்சிகினு போவுது. ஒரு மனுஷி அழுதா கேக்கல, மூணு மனு கேக்கல, மாட்டு தாகம் கேக்கல. நான் பொறுக்கின கல்லு வந்தப்பறம்தான் அவருக்கு காது கேட்டுச்சி. கல்லுக்கு மேல தகர ஷெட்டு போட்டு, லாட்ஜ் போர்டுல அம்மன் படமும் போட்டுட்டாரு. அந்தப் பக்கம் சவாரி போனா நான் மூஞ்சத் திருப்பிக்கிறேன்.

நானும் அக்காவும் உப்பு ஜல்லிய வாரிக் கழுவினோம். அக்கம்பக்கத்து தண்ணியும் பாதையோர தண்ணியும் ஓடையில இன்னும் வருதே. அதுக்காவ மறுபடி கல்வாழை நட்டோம். கெணத்த ரெண்டு தபா இறைச்சோம். மழையும் பேஞ்சிது. சின்ன மாடு இப்ப குடிக்குது, ஆனா இன்னமும் மொதல்ல மோந்து பாத்துட்டுத்தான்.

போன மாசம் பெரிய மாட்ட திரும்பக் கேக்கலாம்னு கீழ்பென்னாத்தூர் போனேன். நாத்தனாரம்மா நல்லவங்க, கேட்டா குடுத்துருப்பாங்க. நான் போற நேரம் மாட்டுக்கு தண்ணி காட்டினு இருந்தாங்க. போர் தண்ணி, கண்ணாடி மாதிரி. அது மோந்து பாக்கல. வாய வச்சது எடுக்கல. தொட்டி அடி தெரியிற வரைக்கும் குடிச்சிட்டு, ஒழுவுற வாயோட என்ன ஒரு பார்வ பாத்துச்சி.

ஒரு டம்ளர் மோரு குடிச்சிட்டு வந்துட்டேன். அக்கா வாசல்லயே நின்னுகினு இருந்தா.

"இன்னாடா சொன்னாங்க?"

"கேக்கலக்கா"ன்னேன்.

அவ வாளிய எடுத்துக்கினா. சின்ன மாட்டுக்குத் தண்ணி எறைக்கப் போயிட்டா.