கரடியின் நகமும் என் வெள்ளைச் சேலையும்

அந்த வாரம் நடந்தவை, வரிசைப்படி:

1. திங்களன்று வண்ணார்பேட்டையில் ஒரு தெருவுக்குள் அம்மைப்பால் பெட்டியுடன் நுழைந்தேன். பிள்ளைகளுக்கு அம்மை குத்துவது என் வேலை. அதற்கென்று படித்துத் தேறியவள்.
2. முதல் வீட்டுக் கதவைச் சாத்தினார்கள். பிறகு எதிர்வீடு. பிறகு எல்லா வீடும்.
3. செவ்வாயும் அப்படியே.
4. புதனன்று மேலதிகாரி என் வெற்றுப் பதிவேட்டைப் புரட்டினார். சனிக்கிழமை வரை இப்படியே இருந்தால் தெருவை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, என்னை ஆஸ்பத்திரியில் சீசா கழுவ வைப்பதாகச் சொன்னார்.
5. வியாழனன்று பயாஸ்கோப் பார்க்கப் போனேன்.

ஐந்தாவதற்குக் காரணம் ஆஸ்பத்திரி ஆயா. “மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டிருந்தா பிள்ளையளா வரும்? வா, படம் பாப்போம்” என்று இழுத்துப் போனாள்.

ஆற்று மணலில் கூடாரம் போட்டிருந்தார்கள். பொழுது சாயும் நேரம். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்தோம். என்னை ஒட்டி இருந்தவள் திங்களன்று முதல் கதவைச் சாத்தியவள். மடியில் ஆறு வயது மகள். அந்த மங்கலில் அவள் என்னைக் கவனிக்கவில்லை.

ரயிலும் குதிரையும் ஓடி முடிந்தபின் ஒரு புதுமை காட்டினார்கள். யாரோ கோடுகோடாக வரைந்த படங்கள் எழுந்து நடந்தன! காட்டில் ஒரு பையன் நொண்டிக்கொண்டு போகிறான். பின்னால் அரிவாள் போல நகம் வைத்த கரடி. பையன் ஓடி, தடுக்கி விழுகிறான். கரடி நகத்தை ஓங்குகிறது. கூடாரமே அலறியது. பயத்தில் அந்தக் குழந்தை தாய் மடியை விட்டு என் மடிக்குத் தாவிவிட்டது.

கரடி பையனின் பாதத்தைப் பிடித்து, நகத்தால் முள்ளை எடுத்து, வாயால் ஊதியும் விட்டது.

ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது.

“ஏலே, இந்தக் கரடிக்கா இந்தக் கத்து கத்துன?”

“நீரு என் வேட்டியப் பிடிச்சிக்கிட்டுல்லா இருந்தீரு வே!”

அடுத்த சுருள் மாட்ட விளக்கைத் தூண்டினார்கள். மகள் யார் மடியில் இருக்கிறாள் என்பதைத் தாய் பார்த்தாள்.

“நீயா! காலங்காத்தால வெள்ளச் சேலையும் வெறுங்கையுமா வாசல்ல வந்து நின்னியே, தாலி அறுத்தவன்னுல்லா நெனச்சேன்!”

“அறுக்கதுக்கு மொதல்ல கட்டணும்லா அக்கா” என்றேன். ஆயாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

விளக்கம் சொன்னேன். சேலை ஆஸ்பத்திரி கொடுத்தது. முழங்கை வரை கழுவவேண்டியிருப்பதால் வளையல் போடுவதில்லை. பொட்டு வியர்வையில் போயிருக்கும். தாலி அறுத்தவள் குத்தினாலும் அம்மைப்பால் அதே பால்தான் என்பதையும் சொன்னேன். அவள் மகளின் மூக்கைத் துடைத்தாள்.

மகள்தான் கேட்டாள்: “குத்திட்டு, கரடி மாதிரி ஊதுவியா?”

“ஊதக் கூடாதுன்னு படிச்சிருக்கேன். வேணும்னா கரடி மாதிரி உறுமுதேன்.”

வெள்ளிக்கிழமை காலை முதல் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கை நீட்டிய குழந்தை, உறுமலுக்குச் சிரித்ததில் கீறியதைக் கவனிக்கவே இல்லை. தாய் தெருவில் இறங்கிக் கூவினாள்: “ஏட்டி, கதவத் தொறங்க! கல்யாணம் ஆகாத பிள்ளதான்! நல்லா உறுமுதா!”

அன்று பதினோரு பிள்ளைகளுக்கு உறுமினேன். சனிக்கிழமை மேலதிகாரி பதிவேட்டை இரண்டு முறை பார்த்தார். தொண்டை ஏன் கட்டியிருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

இன்றைய நிலை: தெரு என்னிடமே இருக்கிறது. குத்தவேண்டிய பிள்ளைகள் மூவர் பாக்கி. இருவருக்குக் காய்ச்சல், ஒருவன் மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறான். அந்தத் தெருவிலிருந்து எனக்கு வந்த மாப்பிள்ளைப் பேச்சு நான்கு. ஒன்றுக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை.