முந்திரிப்பழம் போட்ட சிவப்புத் துணி

ராயாவைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். வளைகுடா நாட்டில், சத்வா பகுதியில் எங்களுக்கு நேர் மேல்வீடு அவளுடையது; பள்ளியிலும் பக்கத்து நாற்காலி. ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவிலிருந்து வந்த குடும்பம். எங்கள் வீட்டில் சாப்பிட்டால் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டாள். குழாயை மூடிவிட்டுத்தான் கைக்குச் சோப்புப் போடுவாள். உம்மாவுக்கு இது போதாதா?

"அந்தப் புள்ளயப் பாத்துப் படிச்சுக்க" என்று பிரியாணி பரிமாறும்போதுகூட எனக்கு ஓதிக்கொண்டிருப்பார். பெற்றது என்னை, மெச்சுவது அவளை.

ஐந்தாம் வகுப்பில் சுற்றுச்சூழல் தினம் வந்தது. வகுப்புக்கு ஒரு கண்டம். தண்ணீரையும் மரத்தையும் நாளைக்கும் மிச்சம் வைக்கச் சொல்லும் அந்த ஊர்ப் பழமொழி ஒன்றை ஆளாளுக்கு மேடையில் விளக்க வேண்டும். எங்களுக்கு ஆப்பிரிக்கா விழுந்தது. கேட்க வேண்டுமா? ராயா வீட்டில் பழமொழிகள் அலமாரி நிறைய மடித்தே வைக்கப்பட்டிருந்தன. அவர்கள் ஊர்ப் பெண்கள் இடுப்பிலும் தலையிலும் சுற்றிக்கொள்ளும் காங்கா என்ற துணி ஒவ்வொன்றிலும் அவர்கள் மொழியில் ஒரு பழமொழி அச்சடித்திருக்கும். துணி பழசானால் அதிலேயே பிள்ளையைக் கட்டித் தூக்குவார்கள். இன்னும் பழசானால் அடுப்படிக்குப் போகும்.

என் கையில் ஒன்றும் இல்லை. உம்மா என்னை மேலே கூட்டிப்போய் ராயாவின் தாயாரிடம் கேட்டார். அந்த மாமி மழையைப் பற்றிய துணி ஒன்றை எடுத்து நீட்டினார். வெளுத்த நீலம். எனக்கோ அலமாரியின் அடியில் கிடந்த, முந்திரிப்பழம் போட்ட சிவப்புத் துணியின் மேல் கண். மாமி தயங்கினார். அது இந்தக் காரியத்துக்குச் சரிவராது என்று இந்தியில் சொன்னார். நல்லதை மகளுக்கு ஒளித்து வைக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? அடம்பிடித்தேன். உம்மா தொடையில் கிள்ளியும் பார்த்தார். கடைசியில் மாமி சிரித்துவிட்டுக் கொடுத்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை.

அதைத் தோளில் போர்த்திக்கொண்டு மேடையேறினேன். மரம் வெட்டுவது, நடுவது, பேரப்பிள்ளைகளுக்கு நிழல் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் ஆப்பிரிக்கப் பெரியவர்களின் தலையில் கட்டினேன். முன்வரிசையில் உம்மாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. நான் முடித்ததும் டீச்சர், ஓரத்தில் நின்ற ராயாவைக் கூப்பிட்டு, துணியை வாசித்து, நான் சொன்னது சரிதானா என்று பார்க்கச் சொன்னார்.

உம்மாவின் முன்னால் என் மானம் போயும் போயும் இவள் வாயிலா இருக்க வேண்டும்? ராயா துணியின் ஓரத்தைப் பிடித்து விரித்தாள். வாசித்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள்.

"ஆமா மிஸ். மரத்தைப் பத்தித்தான்."

உம்மா எழுந்து நின்றே கைதட்டினார்.

பல வருடங்களுக்குப் பிறகு என் கல்யாணத்துக்கு வந்த மாமியிடம் உம்மா அந்தத் துணியைப் பற்றிக் கேட்டார். வாயால் சொல்ல முடியாததைத் துணியால் சொல்வது அவர்கள் ஊர் வழக்கமாம். புகைந்துகொண்டே இருந்த ஒரு சொந்தக்காரிக்காக மாமி வாங்கிக் கட்டியது அது. பொறாமைக்காரர்களைச் சுருக்கென்று குத்தும் பழமொழி.

நான் மேடையேறிய அன்று, வீடு திரும்பும் பள்ளி பஸ்ஸில் ராயா என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மாம்பழ ஜூஸில் பாதியைக் கொடுத்தாள். வாங்கி உறிஞ்சிக்கொண்டே நான் நினைத்தேன்: நான் அளந்துவிட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டாளே, தன் வீட்டுத் துணியையே வாசிக்கத் தெரியவில்லை, இவளைப் பார்த்தா நான் படித்துக்கொள்ள வேண்டும்?