துரையின் கைத்தடி நீளத்துக்கு ஒரு மின்னல்

மோட்டார் காயில் சுத்துகிற தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: மோட்டார் ஓடினால் உங்களை மறந்துவிடுவார்கள், நின்றால்தான் தேடி வருவார்கள். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக வயர்மேன் நான். நான் சுத்திய காயிலை ஒருவராவது நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசையில் டெஸ்லா காயில் செய்யத் தொடங்கினேன்.

கீழே தடித்த கம்பியில் சில சுற்று. நடுவில் நிற்கும் குழாயில் மெல்லிய கம்பியில் நூற்றுக்கணக்கான சுற்று. கரண்ட் கொடுத்தால் குழாயின் உச்சியிலிருந்து ஊதா நிறத்தில் மின்னல் பாயும். அதனால் ஒரு உபயோகமும் கிடையாது. வீட்டில் இடம் கிடைக்காத ஆசை ஒன்றை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

முதல் மின்னல்

பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஹோட்டல்காரர் கழற்றிப் போட்ட நியான் விளக்கு போர்டிலிருந்து டிரான்ஸ்பார்மர் கிடைத்தது. ஒரு சாண் குழாயில் கம்பி சுத்தி, மேலே பிஸ்கட் டின் கவிழ்த்து, அடுப்படியில் வைத்து சுவிட்சைத் தட்டினேன். வந்தது நாலு விரற்கடை மின்னல். குழாய் குட்டையாக இருந்ததால் அதுவும் மேலே போகாமல் வளைந்து கீழ்ச்சுற்றையே அடித்தது.

அதே நேரத்தில் எங்கள் லைன் வீடுகள் முழுக்க டிவியில் படம் புள்ளி புள்ளியாகப் போய்விட்டது. சீரியல் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி ரோஸ்லின் கரண்டியோடு வந்து நின்றாள். "நாலு வெரக்கட நெருப்புக்கு நாலு வீட்டு டிவி போச்சு. இன்னும் நீளமா வேணும்னா பேக்டரிக்கே கொண்டுபோயிடுங்க."

தடி வந்தது

தொழிற்சாலை ஒர்க்‌ஷாப்பின் பின்மூலையில் பழைய மின்விசிறிகள் கிடந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு அங்கே குடியேறினேன். சில மாதம் நிம்மதி. பிறகு மேனேஜராகப் புதுத் துரை வந்தார். ஈப்போ டவுன் ஆள், சின்ன வயசு, பேச்சுக்கு ஒரு 'லா' போடுவார். ஆனாலும் மலை ஏறி இறங்கக் கைத்தடி வைத்திருப்பார். டீ அட்டைப் பெட்டிகளை அடுக்க அந்த மூலை வேண்டும் என்றார்.

அந்த மூலை போனால் வேறு இடம் கிடையாது. மற்றவர்கள் மோட்டாரைச் சுத்திச் சுத்தியே ரிட்டயர் ஆகிவிடுவேன். நல்ல மின்னல் ஒன்று காட்டுகிறேன், மாசக் கடைசி வரை விடுங்கள் என்று கேட்டேன். துரை தடியைத் தூக்கிக் காட்டினார். "இந்தத் தடி நீளத்துக்குப் பாயட்டும், மூலை ஒங்களுக்கு. பாயலன்னா மறு திங்கக்கெழம லோரி வரும், எல்லாத்தையும் ஏத்திடுங்க லா."

பெரிதாக, இன்னும் பெரிதாக

என்னோடு பிட்டராக வேலை பார்க்கும் சுப்ராவுக்கு என்மேல் பிரியம். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: பெருசா சுத்துங்க. எனக்கும் அது சரியாகவே பட்டது. வாளி அகலத்தில், என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சாக்கடைக் குழாய் வாங்கினேன். வேலை முடிந்த பிறகு தினமும் சுத்தினேன். விரல் நுனியெல்லாம் கம்பி கீறியது. விடவில்லை.

பன்னிரண்டாம் நாள் சுவிட்சைப் போட்டேன். சுப்ரா கண்ணைச் சுருக்கிக்கொண்டு குழாயின் உச்சியில் தேடினான். "அண்ணே, காயில் ஒங்க நெஞ்சு ஒயரம் இருக்கு. நெருப்பு என் மீச நீளம்தான் வருது."

டீயில் வார்னிஷ்

பழியைப் பனிமூட்டத்தின்மேல் போட்டேன். குழாயில் ஈரம் ஏறிவிட்டது, காய வைத்தால் சரியாகும். மேலே இன்னொரு கோட் வார்னிஷ் அடித்து, கொழுந்தை வாட்டும் தொட்டியின் ஓரத்தில், வெதுவெதுப்பான காற்று வருகிற இடத்தில் நிறுத்திவிட்டுப் போனேன். பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் தேயிலை இழுத்துக்கொள்ளும். இது எங்கள் மலையில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு எனக்கு மட்டும் மறந்துவிட்டது.

மறுநாள் டீமேக்கர் பெருமாள் ருசி பார்த்துத் துப்பிவிட்டு, கோப்பையோடு நேராக என்னிடம் வந்தார். ஒரு தொட்டித் தேயிலை வீண். துரையிடம் நானே போய் ஒப்புக்கொண்டேன், எழுத்தில் எச்சரிக்கை வாங்கினேன். எனக்கே வெட்கமாக இருந்தது. அவ்வளவு பெரிய தொட்டியில் ஒரு ஓரம்தானே என்று நினைத்தேன் என்று பெருமாளிடம் முனகினேன். அவர் விடவில்லை. "தொட்டி பெருசா இருந்தா டீ வந்துருமா? கொழுந்து எவ்வளவு, காத்து எவ்வளவு, ரெண்டும் சேரணும். அது தெரியாம நீ என்னத்த மின்னல் விடப் போறே?"

ஒவ்வொரு விரலாக

திட்டு வாங்கிய அன்று முழுக்க அந்தப் பேச்சே காதில் நின்றது. என் டிரான்ஸ்பார்மர் அதே டிரான்ஸ்பார்மர். குழாயைப் பெரிதாக்கினால் அதன் பலம் கூடிவிடுமா? அதோடு கீழ்ச்சுற்று இன்னும் பழைய சாண் குழாய்க்கு அளந்தது. மேல்சுற்றும் கீழ்ச்சுற்றும் சேரவே இல்லை.

பெரிய குழாயை ஓரம் கட்டினேன். ஒரு முழ நீளத்தில், கைப்பிடிக்குள் அடங்காத ஒரு குழாயில் புதிதாகச் சுத்தினேன். பிறகு கீழ்ச்சுற்றில் கரண்ட் கொடுக்கும் கிளிப்பை ஒவ்வொரு விரற்கடையாக நகர்த்தினேன். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி, மிச்சக் கரண்டை இறக்கி, நகர்த்தி, மறுபடி சுவிட்ச். மின்னல் சாண் ஆனது, முழம் ஆனது. மாசக் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் ஒரு விரற்கடை நகர்த்தியதும் அது சடசடவென்று தடி நீளத்துக்கு நீண்டு சுவரைத் தேடியது. சுப்ரா காதைப் பொத்திக்கொண்டே சொன்னான். "போதும்ணே. இனிமே அந்த கிளிப்ப யாரும் தொடக்கூடாது, நீங்களுந்தான்."

திங்கட்கிழமை

லோரி காலையிலேயே வந்து வாசலில் நின்றது. துரை தன் தடியாலேயே அளந்து, காயில் உச்சியிலிருந்து சரியாக ஒரு தடி தூரத்தில், எர்த் கொடுத்த இரும்புக் கம்பியை நிறுத்தினார். சேதி கேட்டு வந்த கூட்டம் நான் தரையில் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டை ஒட்டி நின்றது. சுவிட்சைப் போட்டேன். மின்னல் முக்கால் தடி போய் அணைந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. லோரிக்காரர் பின்கதவைத் திறந்தார்.

கிளிப் நகரவில்லை, கம்பி அறுந்துபோகவில்லை. சனிக்கிழமை இல்லாதது இந்தக் கூட்டம் ஒன்றுதான். காயிலைச் சுற்றி இத்தனை உடம்பு நின்றால் மேல்சுற்றும் கீழ்ச்சுற்றும் சேர்ந்த கணக்கு கலையத்தான் செய்யும். எல்லாரும் வாசலுக்குப் போங்கள் என்றேன். துரை நின்ற இடத்திலேயே நின்றார். "நீங்களும்தான் துரை" என்றேன். போனார். மூன்றாவது முறை மின்னல் இரும்புக் கம்பியை எட்டிப் பிடித்தது. சுவிட்சை அணைக்கும்வரை விடவில்லை.

துரை லோரியைக் காலியாகவே திருப்பி அனுப்பினார். பிறகு காயிலைச் சுற்றி ஒரு நடை வந்து குனிந்து பார்த்தார். "நல்லா சுத்தியிருக்கீங்க. மூலை ஒங்களுக்குத்தான். இதவிடப் பெருசா சுத்தினா இன்னும் தூரம் போகும் லா?"

நன்றாக ஓடிய எந்த மோட்டாருக்கும் கிடைக்காத பாராட்டு ஒன்றுக்கும் உதவாத இந்தக் காயிலுக்குக் கிடைத்துவிட்டதால், துரையின் அந்தக் கேள்விக்கு மட்டும், ஓரம் கட்டிய பெரிய குழாயைக் காட்டி இன்னும் பதில் சொல்லாமல் என் மூலையில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன்.