கண் திறக்காத கவுதாரி

மதுரையில் என் வீட்டுக்காரரின் பறவைப் படங்களுக்குக் கண்காட்சி வைத்தார்கள். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், காபி கொடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர். அவர் அருப்புக்கோட்டையில் கடைகளுக்குப் போர்டு எழுதுவார். ஊர்க் கோயிலுக்கு மண்குதிரை எடுக்கும்போது வர்ணம் அடிப்பதும் அவர்தான். உடம்பெல்லாம் பூசி முடித்தாலும் குதிரைக்குக் கண்ணை மட்டும் எழுதமாட்டார். கோயிலுக்குக் கிளம்பும் நாளில்தான் கண் திறப்பார். திறந்துவிட்டால் அது பிறகு செய்த இடத்தில் நிற்கக் கூடாது என்பது வழக்கம்.

அதே வழக்கத்தைப் பறவைகளுக்கும் வைத்துக்கொண்டார். கண்மாயில் தண்ணீர் கிடந்தால் நாரை, கூழைக்கடா. கிடக்காத வருஷம் கவுதாரி, பனங்காடை. வரைந்து முடித்துக் கண் இருக்கும் இடத்தை வெள்ளையாக விட்டுவிடுவார். யாராவது படத்தைக் கேட்டால் வாசலில் வைத்துக் கண் திறந்து கொடுப்பார். கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. என் வீட்டுச் சுவரெல்லாம் குருட்டுப் பறவைகள். "யாரும் கேக்கலைன்னாலும் ஒரு பறவைக்காவது கண்ணத் திறந்து விடுங்களேன்" என்று சண்டை போட்டிருக்கிறேன்.

"போற அன்னைக்குத் திறப்போம் புள்ள" என்பார்.

கண்காட்சிக்காரர்கள் வேனில் வந்து எல்லாவற்றையும் ஏற்றினார்கள். விற்காதவை திரும்பி வருமே என்று அவர் அன்றைக்கும் கண்ணைத் தொடவில்லை. விற்பவற்றுக்கு அங்கேயே திறந்துகொள்ளலாம் என்று பிரஷ்ஷையும் கறுப்பு மையையும் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் காரியாபட்டி தாண்டும்வரை பையைத் திறந்து திறந்து பார்த்தார். அத்தனை சந்தோஷமாக அவரை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

அங்கே போனால் வாசலிலேயே பெரிய எழுத்தில், 'பார்வையற்ற பறவைகள்'. ஒருவர் மைக்கைப் பிடித்து, மழை பொய்த்த மண்ணில் பறவைக்குக் கண் எதற்கு என்று கலைஞர் கேட்கிறார் என்றார். இவர் என்றைக்கு அப்படிக் கேட்டார்? எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைகளையெல்லாம் பிடித்து முறுக்கலாம் போலிருந்தது எனக்கு.

ஒரு கவுதாரிப் படத்தின் ஓரத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டினார்கள். விற்றுவிட்டது என்று அர்த்தமாம். இவர் எழுந்துபோய் மை பாட்டிலைத் திறந்தார். கண்காட்சி நடத்திய பெண் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஐயா, அதத் தொடாதீங்க. வித்துப்போச்சு."

"வித்துருச்சுல்லம்மா, அதான். கண்ணத் திறக்காம எப்படி அனுப்புறது?"

"கண் இல்லாததாலதான் ஐயா வாங்கியிருக்காங்க. வரைஞ்சீங்கன்னா வேண்டாம்னுருவாங்க."

"ஒரு பொட்டுத்தாம்மா" என்றார். என் வீட்டுக்காரர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவுக வரைஞ்சது, அவுக கண்ணு வைக்கிறாக. ஒங்களுக்கு என்ன?" என்று சத்தம் போட்டேன்.

"அம்மா, எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்" என்று சிரித்தாள். மை பாட்டிலை மூடி அவளே வைத்துக்கொண்டாள்.

படத்தை வாங்கியவர் இவரோடு நின்று போட்டோ எடுக்க ஆசைப்பட்டார். இவர் போய் நின்றார், கவுதாரியின் முகம் தன் தோளுக்குப் பின்னால் மறைகிற மாதிரி. "கொஞ்சம் தள்ளிக்கங்க, பறவை தெரியல" என்றார்கள். காது கேட்காதவர்போல் நின்றார். இன்னொரு தடவையும் சொன்னார்கள். பிறகு அந்தப் பெண்ணே வந்து, இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தி வைத்தாள்.