மதினியின் மூடிய கை

மதினியை, அதாவது என் அண்ணன் பெண்டாட்டியை நினைத்தால், முதலில் அவள் கைதான் கண்ணுக்குள் வரும். சிமெண்ட் காய்ந்து வெளுத்த கை. சின்ன வயசில் நானும் அவளும் சித்தாளாகக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்குக் கான்கிரீட் போட்டோம். சாரத்தில் ஏறி நின்று சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்ப வேண்டும். கலவை மிஷின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. உச்சியில் வாங்குகிற மதினி இரண்டு விரல் நீட்டினால் இரண்டு சட்டி போகலாம். ஐந்தும் விரித்தால் ஐந்து. கையை மூடிவிட்டால் அவரவர் சட்டியை இடுப்போடு அணைத்து நிற்க வேண்டியதுதான். வெறும் சட்டி திரும்பி வந்தால்தான் முந்தினது போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

ஒருநாள் சாரல் பிடித்துக்கொண்டது. மேஸ்திரி மிஷினை மிஞ்சிக் கத்தினார்.

“ஏட்டி, மழை கொட்டப் போகுது, ஏத்துங்கட்டி!”

மதினி கையைத் திறக்காமலே திருப்பிக் கத்தினாள். “வாங்குத கைக்குத்தான் தெரியும் அண்ணாச்சி! அவசரம்னா நீரு மேல வந்து தலையில வாங்கும்!”

சாரம் முழுக்கச் சிரிப்பு. ஈரப் பலகையில் அவள் கால் வழுக்கி ஊன்றிக்கொண்டதை, அடுத்து நின்ற நான் மட்டும் பார்த்தேன்.

மதினி போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. போன மாதம் என் வீட்டுக்காரருக்குத் தலைக்குள் ரத்தம் கட்டிவிட்டது. தென்காசியில் ஸ்கேன் எடுத்தோம். மதுரையிலிருக்கும் பெரிய டாக்டர் படத்தைப் பார்த்தால்தான் ஆபரேஷன் உண்டா இல்லையா என்று சொல்வார். படத்தை அனுப்பும்போது எவ்வளவு போயிற்று என்று கம்ப்யூட்டரில் காட்டும் நீலக்கோடு பாதிவரை ஓடி நின்றுவிட்டது. யாரிடமும் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவள் நான். அன்றைக்குப் பயம் கேட்கவைத்தது.

“படம் வழியில விழுந்துட்டோ, தாயி?”

“விழாது ஆச்சி,” என்றாள் அங்கே வேலை பார்க்கும் பெண். “துண்டு துண்டாத்தான் போகுது. எங்கிட்ட இவ்வளவுதான் இடமிருக்குன்னு மதுரை கம்ப்யூட்டர் அப்பப்ப சொல்லும். அதுக்கு மேல நம்ம கம்ப்யூட்டர் அனுப்பாது. இப்ப அது இடமில்லன்னு சொல்லுது, அதான் இது நிக்குது. கிடைச்சுட்டுன்னு பதில் வாரவரைக்கும் ஒவ்வொரு துண்டையும் இது கையிலயே வச்சிருக்கும்.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணுக்கே தெரியாத அந்த வழியிலும் உச்சியில் ஒருத்தி நிற்கிறாள்! அவள் மதுரையில் கையை மூடினால் தென்காசியில் ஒரு மிஷின் சட்டியை அணைத்துக்கொண்டு காத்து நிற்கிறது. மின்னல் மாதிரி ஓடக்கூடிய படம், வாங்குகிறவளைக் கேட்டுத்தான் ஓடுகிறது. வாய் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நீலக்கோடு மெல்ல அசைந்தது.

“இடம் வந்துட்டு ஆச்சி!”

ஆபரேஷன் வேண்டாம், மருந்திலேயே கரைந்துவிடும் என்று சாயங்காலம் டாக்டர் சொன்னார்.

இப்போது வீட்டுக்காரருக்கு நான்தான் கஞ்சி ஊட்டுகிறேன். ரத்தம் கட்டியதில் போன பேச்சு இன்னும் திரும்பவில்லை. கையை மூடி வைத்துக்கொண்டு மெதுவாக விழுங்குகிறார். நானும் கரண்டியைப் பிடித்தபடி காத்திருக்கிறேன், அவர் ஒரு விரல் நீட்டும்வரை.