மார்பிள் தூணில் மஞ்சள் பொட்டு

போன வெள்ளிக்கிழமை எங்கள் மகளின் கல்யாணத்தை என் மனைவி வசந்தா ஏறக்குறைய நிறுத்தியே விட்டாள். எதை வைத்துத் தெரியுமா? மஞ்சளையும் குங்குமத்தையும்!

சனிக்கிழமை திவ்யாவுக்கு முகூர்த்தம். பிரிட்ஜ்வாட்டர் கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றோம். கேட்டாளா? எங்கிருந்தோ ஒரு பழைய மாளிகையைப் பிடித்தாள். இங்கிலாந்தில் இருநூறு வருஷத்துக்கு முந்தைய ரீஜென்சி காலத்துப் பிரபுக்களின் வீடுகளைப் பார்த்துச் சொக்கிப்போன ஒருவர், அதே பாணியில் நியூஜெர்சியில் கட்டியதாம். வெள்ளை வெளேரென்று சுவர், வளைந்த பெரிய ஜன்னல்கள், வாசலில் நான்கு மார்பிள் தூண்கள். பின்னால் கந்தக ஊற்று வேறு. அந்தக் காலத்தில் மூட்டுவலிக்காரர்கள் குதிரை வண்டியில் வந்து தங்கி, அதில் குளித்து, அதையே குடித்துவிட்டும் போவார்களாம். பாவம்!

இப்போது அதைக் கல்யாணங்களுக்கு விடுகிறார்கள். ஒரே கண்டிஷன் – சரித்திரச் சின்னம், எங்கேயும் கறை படக்கூடாது. பட்டால் புக்கிங் கேன்சல்.

வெள்ளி காலை அலங்கார வேலைக்குப் போனோம். நான் காரிலிருந்து குத்துவிளக்கை இறக்கிக்கொண்டு வருகிறேன்... வாசலில் இரண்டு தூண்களில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள், நடுவில் குங்குமப் பொட்டு!

"என்ன வசந்தா இது?"

"கல்யாண வாசலுங்க. மொட்டையா விடலாமா?"

திவ்யா ஓடி வந்தாள். "அம்மா! ஓ மை காட்! தே வில் த்ரோ அஸ் அவுட்!" என்று படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். ஊரையே கூப்பிட்டாயிற்று. நாளைக்கு எல்லோரையும் எங்கே உட்காரவைப்பது?

நான் சும்மா இருப்பேனா? பாத்ரூமிலிருந்து சோப்பும் ஈர டிஷ்யூவும் எடுத்துவந்து தேய்த்தேன். மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்பது அந்த நேரம் பார்த்தா மறக்க வேண்டும்? ஆரத்தித் தட்டைக் கவிழ்த்தது மாதிரி தூண் முழுக்கச் சிவப்பு வழிந்தது.

அப்போதுதான் மேனேஜர் கேரன் வந்தார். நான் சோப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு தூணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு விரலை மடக்கித் தூணைத் தட்டினார்.

டொக்... டொக்...

மரம்! உள்ளே காலி. மேலே மார்பிள் மாதிரி பெயின்ட். சுவரும் கல் இல்லையாம் – செங்கல்லின் மேல் சாந்து பூசி, கல் அடுக்கியது போலக் கோடு கிழித்தது. கல்லுக்குச் செலவழிக்காமல் கம்பீரம் காட்டுவது அந்தக் காலத்து ஃபேஷனாம். சுவரில் பட்டிருந்தால்தான் வம்பு. தூண்களுக்கு அடுத்த வாரம் எப்படியும் புது பெயின்ட் அடிக்கப்போகிறார்களாம்.

"அப்ப எல்லாமே மேக்கப்புதானா?" என்றாள் வசந்தா. அழுதுகொண்டிருந்த திவ்யா சிரித்துவிட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பொட்டு எதற்கு என்று கேரன் கேட்டார். நல்லது நடப்பதற்கு என்றேன். "அப்படியானால் மற்ற இரண்டு தூண்கள் என்ன பாவம் செய்தன?" என்றார். வசந்தாவுக்கு அது போதாதா?

மறுநாள் தாலி கட்டி முடிந்து, திவ்யா மாப்பிள்ளையோடு காரில் ஏறும்போது, வாசலில் நானும் அந்தத் தூண்களோடு ஐந்தாவதாக நின்று கையசைத்தேன். என்ன கம்பீரம் என்று எல்லோரும் சொன்னார்கள்...

நல்லவேளை, யாரும் தட்டிப் பார்க்கவில்லை!